தொப்புளைச் சுற்றி ஊசி இப்போது இல்லை

ஐயா,

போன வாரம் எங்கள் எஸ்டேட் லைனில் ஒரு பையனை நாய் கடித்துவிட்டது. அவன் பாட்டி கடிவாயில் மிளகாய்த்தூளை அப்பி, இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வெறிநாய்க்கடி நோய் (ரேபிஸ்) வராமலிருக்கத் தொப்புளைச் சுற்றி 14 ஊசி போடுவார்களே என்ற பயம். அவர் சின்ன வயதில் கண்ணால் பார்த்தது அது, பொய்யில்லை. அன்றைய மருந்து ஆட்டு மூளையிலிருந்து தயாரானது. வலி ஒரு பக்கம், சிலருக்கு நரம்புப் பாதிப்பும் வந்தது. அதனால்தான் அதைக் கைவிட்டார்கள். இப்போது ஆய்வகத்தில் வளர்க்கும் செல்களில் தயாராகும் தடுப்பூசி, கையில்தான் போடுகிறார்கள். தோலுக்குள் போடும் முறையில் 0 (முதல் ஊசி போடும் நாள்), 3, 7, 28-ஆம் நாள் என நான்கு தடவை போனால் போதும்.

"டாக்டருங்க மாத்தி மாத்திச் சொல்றாங்களே" என்றார் பாட்டி. குறையைக் கண்டுபிடித்து மாற்றியதால்தான் எனக்கு நம்பிக்கையே வருகிறது.

வெறிநாய்க்கடி மருத்துவத்துக்கென்றே தொடங்கிய பாஸ்டர் நிறுவனம் 1907 முதல் இருக்கும் குன்னூரிலேயே இந்த நிலை என்பது மனதை வாட்டுகிறது. கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றே ஊசிக்குப் போக வேண்டும், நாளாகிவிட்டாலும் போக வேண்டும். இதை எழுதி, தேயிலை எடை போடும் இடங்களில் ஒரு தட்டி வைக்கச் சுகாதாரத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

- ஒரு வாசகர், குன்னூர்