கேஸ் ஷீட்டில் உணவுக்கும் ஓர் அளவு எழுதுங்கள்

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கும் அரசு மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். மருந்துக்கு எத்தனை மில்லிகிராம், எத்தனை வேளை என்று எழுதும் கேஸ் ஷீட்டில், உணவுக்கு மட்டும் ‘நார்மல் டயட்’, ‘டயபடிக் டயட்’, ‘ஆர்.டி. ஃபீட்ஸ்’ (மூக்குக் குழாய் வழி உணவு) என்பதோடு முடித்துவிடுகிறோம். எத்தனை கலோரி, எவ்வளவு புரதம், யார் கலக்குவது என்பதெல்லாம் அட்டெண்டராக இருக்கும் உறவினர் பொறுப்பு என்றாகிவிட்டது. உணவியல் நிபுணர் இருக்கும் இடங்களிலும், பால், ரொட்டி, முட்டைக் கணக்குப் பார்ப்பதிலேயே அவருடைய காலை கழிந்துவிடுகிறது. அவரை வார்டுக்கு அனுப்புங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல், மூக்குக் குழாய் வழியாக உணவு எடுக்கும் ஒருவரைப் பார்ப்போம். அவருக்குப் பெரும்பாலும் போவது வடித்த அரிசிக் கஞ்சி. 200 மி.லி. கஞ்சியில் அரிசி 20 கிராம் இருந்தாலே அதிகம். கெட்டியானால் குழாய் அடைக்கும் என்று இன்னும் தண்ணீர் சேர்ப்பார்கள். ஆறு வேளை கொடுத்தாலும் 420 கலோரி, எட்டரை கிராம் புரதம். 50 கிலோ எடையுள்ளவருக்கு நாளுக்கு 1,250 முதல் 1,500 கலோரியும் 50 முதல் 60 கிராம் புரதமும் வேண்டும். வேளை தவறாமல் உணவு போகிறது, நோயாளியோ பட்டினி கிடக்கிறார். பத்து நாளில் தசை கரைகிறது, படுக்கைப்புண் ஆறாது, சளியை இருமித் துப்பவும் வலு இருக்காது.

இதைச் சரிசெய்ய விலை உயர்ந்த பவுடர் டப்பா தேவையில்லை. ஒரு வேளைக்கு ஆவின் பால் 200 மி.லி., முளைகட்டிய கேழ்வரகு மாவு 10 கிராம், சர்க்கரை 10 கிராம், எண்ணெய் 5 மி.லி.; மாவைப் பாலில் காய்ச்சி, மெல்லிய துணியில் வடிகட்ட வேண்டும். முளைகட்டிய மாவு கஞ்சியை இளக்கிவிடுவதால் குழாய் அடைப்பது குறையும். ஆறு வேளைக்குச் சுமார் 1,400 கலோரி, 40 கிராம் புரதம் கிடைக்கும். வேகவைத்த நான்கு முட்டையின் வெள்ளைக்கருவை மசிய அரைத்து நாள் முழுவதும் பிரித்துச் சேர்த்தால் புரதம் 54 கிராம் ஆகும். பச்சை முட்டை கூடவே கூடாது. சர்க்கரை நோயோ சிறுநீரகக் கோளாறோ இருந்தால் இந்த அளவுகள் மாறும்; மாற்றித் தரத்தான் உணவியல் நிபுணர். தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வைத்துக் கொடுக்க வேண்டும், கொடுத்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். இல்லையேல் உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரும். முன்னும் பின்னும் 30 மி.லி. சுத்தமான தண்ணீர் விட வேண்டும். மாத்திரையைப் பொடித்து உணவோடு கலப்பதுதான் குழாய் அடைபடுவதற்குப் பெரிய காரணம். அதைத் தண்ணீரில் கரைத்துத் தனியே விட வேண்டும். இவ்வளவையும் உறவினருக்கு அருகில் நின்று ஒருமுறை செய்து காட்ட இருபது நிமிடம் போதும்.

ஆனால் மெலிந்தவருக்கெல்லாம் நிறையக் கொடுத்தால் சரி என்றும் விட முடியாது. பல நாள் சரியாகச் சாப்பிடாத 35 கிலோ நோயாளிக்கு முதல் நாளே முழு உணவு கொடுத்தால், இன்சுலின் சட்டென்று ஏறி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்லுக்குள் இழுக்கப்படும். இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிரே போகலாம். கிலோவுக்கு 10 கலோரி, அதாவது 350 கலோரியில் தொடங்கி, இரத்தப் பரிசோதனையோடு நான்கு முதல் ஏழு நாளில் ஏற்ற வேண்டும். உணவுக்கு முன்பே தயமின் (வைட்டமின் பி1) கொடுக்க வேண்டும். தயமின் குறைவால் வரும் பெரிபெரியை ஆராய 1918-இல் குன்னூரில் தொடங்கிய சிறு கூடமே இன்று ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். அந்தப் பாடம் நம் மலையிலேயே தொடங்கியது, வார்டுக்குத்தான் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை.

இந்த ஆபத்தில் இருப்பவரைக் கண்டுபிடிக்க எடை பார்த்தாக வேண்டும். முடியாத காரியமில்லை: 2022-இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில், நோய் உறுதியானதுமே எடை, உயரம், கால் வீக்கம் பார்த்து, மிக மெலிந்தவரை உள்நோயாளியாகச் சேர்க்கிறீர்கள். அதே பழக்கத்தை எல்லா உள்நோயாளிகளுக்கும் 24 மணி நேரத்துக்குள் செய்யுங்கள். நிற்க முடியாதவருக்கு மேற்கைச் சுற்றளவு போதும், 23.5 செ.மீ.க்குக் குறைந்தால் உணவியல் நிபுணருக்குச் சீட்டு போகட்டும்.

இன்னொன்று, இன்சுலின். ரெகுலர் இன்சுலின் போட்ட அரை மணியில் சாப்பாடு தட்டில் இருக்க வேண்டும். சாப்பாட்டு வண்டி எந்த வார்டுக்குக் கடைசியாக வருகிறதோ, அங்கே ஊசி நேரத்தையும் தள்ளி வையுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று தரும் உணவுத்தாளில் ஓட்ஸும் ஆப்பிளும் எழுதிப் பயனில்லை. ரேஷனில் 30 ரூபாய்க்கு வாங்கும் துவரம்பருப்பு, முருங்கைக்கீரை, முட்டை, கம்பு ஆகியவற்றைக் கரண்டி, டம்ளர் அளவில் எழுதிக் கொடுங்கள். சிறுநீரக நோயாளிக்கு ‘சோடியம் குறைந்த உப்பு’ கூடாது என்பதைக் கொட்டை எழுத்தில் அச்சிடுங்கள். அதில் சேர்ப்பது பொட்டாசியம் குளோரைடு. ரத்தக்கொதிப்புக்கு நல்லது என்று கேட்டு வாங்கி, பொட்டாசியம் ஏறி வருபவர்கள் உண்டு. அவர்களுக்கு இளநீரும் அப்படித்தான்.

வீடுகளுக்கு வழி ஏற்கெனவே திறந்திருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் மாத்திரையோடு படியேறுகிறார்கள். அவர்கள் ஒரு கேள்வி கேட்டால் போதும்: “அக்கா, ஒரு கிலோ உப்புப் பாக்கெட் எத்தனை நாள் வருது?” ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராம் என்றால் நான்கு பேர் வீட்டில் 50 நாள் வர வேண்டும். 25 நாளில் தீர்ந்தால் இரட்டிப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு இந்தக் கணக்கில் சேரவில்லை. அத்தகைய வீடுகளின் பட்டியல் வட்டார அளவில் ஓர் உணவியல் நிபுணரிடம் போய்ச் சேரட்டும்.

2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் உணவியல் நிபுணரைச் சுகாதாரத் தொழிலராக ஏற்றிருக்கிறது. காலிப் பணியிடங்களை நிரப்புங்கள்; சமையற்கூடக் கணக்குக்கு வேறொருவரை வையுங்கள். எல்லா வார்டும் ஒரே நாளில் ஆகாது என்று தெரியும். பக்கவாத வார்டில் தொடங்குங்கள்: ஓர் எடைக்கருவி, ஓர் அளவு நாடா, ஒரு மிக்சி, கேஸ் ஷீட்டில் கலோரிக்கும் புரதத்துக்கும் இரண்டு கட்டம்.

இப்படிக்கு,
மருத்துவமனை உணவியல் நிபுணர்கள் சிலர்