நடுவில் போகிறவளுக்கு

அன்புள்ள தோழிக்கு,

கர்த்தருடைய சமாதானம் உன்னோடும் உன் வீட்டாரோடும் இருப்பதாக.

உன் கடிதம் கிடைத்தது. ஒரே மூச்சில் படித்தேன், அப்புறம் ஜெபித்துவிட்டு நிதானமாக இன்னொரு முறை படித்தேன். இங்கே எல்லாரும் சுகம். அவருக்கு முழங்கால் வலி முழுதாக விடவில்லை, ஆனாலும் காலையில் நடக்கப் போகிறார். மகள் வேலையில் இடமாற்றம் கேட்டிருக்கிறாள். பேரன் நாள் முழுக்கப் பேசிக்கொண்டே இருக்கிறான், கேட்கச் சலிக்கவில்லை.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் அடக்க ஆராதனையில், வீட்டுக்காகச் சண்டைபோட்டுக்கொண்டிருக்கிற உன் தம்பிகள் இருவரும் கல்லறையின் இந்தப் பக்கம் ஒருவன், அந்தப் பக்கம் ஒருவனாக நின்றார்கள் என்று எழுதியிருந்தாய். எனக்கு மனசு கனத்துப்போனது. ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்த பிள்ளைகளை எனக்குத் தெரியுமே! "நான் நடுவில் போகலாமா, போனால் இரண்டு பேருக்கும் பகையாகிவிடுவேனா?" என்று கேட்டிருக்கிறாய். போ என்றுதான் சொல்வேன். யாராவது ஒருவர் எழுந்து போகாமல் எந்த வீட்டிலும் எந்தச் சபையிலும் சமாதானம் வந்ததை நான் பார்த்ததில்லை.

மத்தேயு 5-ம் அதிகாரத்தில் ஆண்டவர், உன் பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுகூர்ந்தால் காணிக்கையை வைத்துவிட்டுப் போ என்கிறார். 18-ம் அதிகாரத்தில், சகோதரன் உனக்கு விரோதமாகக் குற்றம் செய்தால் நீயே அவனிடம் போ என்கிறார். தப்பு செய்தவனும் போக வேண்டும், தப்பைச் சுமந்தவனும் போக வேண்டும். இருவரும் கீழ்ப்படிந்தால் வழியிலேயே சந்தித்துக்கொள்வார்கள். நாமோ வீட்டில் உட்கார்ந்துகொண்டு, "அவன்தானே வர வேண்டும்" என்று வருஷக்கணக்கில் காத்திருக்கிறோம்.

"நீயும் அவனும் தனித்திருக்கையில்" என்று ஆண்டவர் சொன்னதை நாம் எவ்வளவு சுலபமாகத் தாண்டிப்போகிறோம் பார். இப்போதெல்லாம் குற்றம் முதலில் சபையின் வாட்ஸ்அப் குழுவுக்குப் போகிறது, அப்புறம் ஜெபக் குறிப்பு என்ற பெயரில் நாலு வீட்டுக்குப் போகிறது. சம்பந்தப்பட்டவரின் காதுக்குத்தான் கடைசியில் வருகிறது. அதற்குள் எல்லாரும் ஒரு பக்கம் சேர்ந்துவிடுகிறார்கள். பக்கம் சேர்ந்த பிறகு விட்டுக்கொடுப்பது தோற்றுப்போவது போலத் தெரியும். உன் தம்பிகளின் காரியத்தை அத்தை, சித்தி, சபை மூப்பர் என்று யாரிடமும் தயவுசெய்து இனி கொண்டுபோகாதே. எனக்கு எழுதியதோடு நிற்கட்டும்.

எங்கள் சபையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பாடகர் குழுவில் இரண்டு பெண்கள், இருபது வருஷச் சிநேகிதிகள். கிறிஸ்துமஸ் பாடல்களைத் தேர்ந்தெடுப்பதில் ஏதோ தகராறு என்றுதான் எல்லாரும் நினைத்தோம். ஒருத்தி வருவதையே நிறுத்திவிட்டாள். போதகர் பேசிப் பார்த்தார், நடக்கவில்லை. நாங்கள் பெரியம்மா என்று கூப்பிடும் ஒரு மூத்த சகோதரி ஒருநாள் அவள் வீட்டுக்குப் போனார். அரைமணி நேரம் பிள்ளைகளைப் பற்றியே பேசினாராம். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "உனக்கு எந்த இடத்தில் வலித்தது, அதைச் சொல்லும்மா."

என்ன நடந்தது என்று கேட்டிருந்தால் அவள் வழக்கையே முழுதாகச் சொல்லியிருப்பாள். வலித்த இடத்தைக் கேட்டதால் வேறொன்று வந்தது. ஒத்திகையின்போது சின்னப் பிள்ளைகள் எதிரில், மற்றவள் அவள் கையிலிருந்த பாட்டுப் புத்தகத்தை வெடுக்கென்று வாங்கிக்கொண்டாளாம். அவ்வளவுதான். பாடல் தேர்வு எல்லாம் அதற்குப் பிறகு வந்த பேச்சு.

பெரியம்மா அங்கிருந்து நேரே மற்றவள் வீட்டுக்குப் போனார். அவளுக்கு அப்படிச் செய்த நினைவே இல்லை. அந்த வாரம் அவள் மாமியாரை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தது, யாரிடமும் சொல்லாமல் ஓடிவந்து ஒத்திகை நடத்தியிருக்கிறாள். இதைக் கேட்ட பெரியம்மா அதை இவளிடம் போய்ச் சொல்லவில்லை. "நீயே வந்து சொல்" என்று அழைத்து வந்தார். ஒருத்தியின் வார்த்தையை இன்னொருத்தியிடம் அவர் சுமந்து போகவே இல்லை, நல்ல வார்த்தையைக்கூட. இதை உனக்காகவே எழுதுகிறேன். நடுவில் போகிறவர்கள் பெரும்பாலும் தூதுபோய்த்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். இன்று அவர்கள் இருவரும் ஒரே வரிசையில் நின்று பாடுகிறார்கள். பழைய சிரிப்பு இன்னும் வரவில்லை. வரும், நான் நம்புகிறேன்.

அந்த இடைவெளியைக் கண்டு நீ பயப்பட வேண்டாம். யோசேப்பை எண்ணிப் பார். தன்னை அடிமையாக விற்ற அண்ணன்மாரைக் கட்டிப்பிடித்து அழுது, மன்னித்து, எகிப்தில் குடியேற்றி, சாப்பாடு போட்டுக் காப்பாற்றினான். அவர்கள் அப்பா யாக்கோபு எகிப்தில் 17 வருஷம் இருந்தான். அத்தனை வருஷம் கழித்து, அப்பா செத்ததும் அந்த அண்ணன்மாருக்கு வந்த முதல் யோசனை என்ன? யோசேப்பு இனி நம்மைப் பழிவாங்குவான் என்பதுதான். மன்னித்தவன் மறந்திருந்தான், மன்னிக்கப்பட்டவர்களால்தான் நம்ப முடியவில்லை. அதைக் கேட்டு யோசேப்பு அழுதான். அழுதுவிட்டு, "இத்தனை வருஷமாகச் செய்ததெல்லாம் போதாதா?" என்று கேட்காமல், மறுபடியும் முதலிலிருந்து அவர்களுக்கு ஆறுதல் சொன்னான். அப்பா அம்மா போன பிறகுதான் பல வீடுகளில் பழைய பயம் எழும்புகிறது. உன் வீட்டிலும் அதுதான் நடக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. சண்டை வீட்டைப் பற்றியதாக இருக்கலாம், ஆனால் அம்மா யாரை அதிகம் நேசித்தார் என்ற கேள்வி அதற்கடியில் இருக்கும்.

வீட்டைப் பங்கிடும் வேலையை மட்டும் நீ கையில் எடுக்காதே. கூட்டத்தில் ஒருவன், "ஆஸ்தியைப் பாகம்பிரித்து எனக்குத் தரும்படி என் சகோதரனுக்குக் கட்டளையிடும்" என்று கேட்டபோது ஆண்டவரே அதற்கு இணங்கவில்லை. அதுவும் போக, நீயும் பங்குக்காரி. அதை முதலிலேயே இருவரிடமும் வெளிப்படையாகச் சொல்லிவிடு, நடுநிலை மாதிரிப் போய் உட்காராதே. கணக்கை இருவரும் ஒத்துக்கொள்கிற ஒரு வழக்கறிஞர் பார்க்கட்டும். அவர்களை ஒரு மேஜையில் உட்காரவைப்பது மட்டும் உன் பங்கு. "அன்பு இருக்கிற இடத்தில் பத்திரம் எதற்கு?" என்று உன் சின்னத் தம்பி கேட்டதாக எழுதியிருந்தாய். சாராளை அடக்கம்பண்ண ஆபிரகாம் கேட்ட மக்பேலா நிலத்தை, ஏத்தின் புத்திரரில் ஒருவனான எப்பெரோன் சும்மாவே கொடுக்க முன்வந்தான். ஆபிரகாமோ சாட்சிகள் முன்னிலையில் 400 சேக்கல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்துத்தான் வாங்கினான். நாளைக்குப் பிள்ளைகள் காலத்தில் சண்டை வராதபடி தெளிவாக எழுதிவைப்பதும் அன்புதான்.

உன் பங்கை விட்டுக்கொடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்ல மாட்டேன். "ஏன் நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ளுகிறதில்லை?" என்று பவுல் கொரிந்தியரைக் கேட்கிறார், தெரியும். அந்த வசனத்தை நீ உனக்கு வாசித்துக்கொள்ளலாம், நான் உனக்கு வாசிக்கக் கூடாது. மனம் நிறைந்து கொடுத்தால் கொடு. அவர்கள் வாயை அடைப்பதற்காகக் கொடுத்தால், பத்து வருஷம் கழித்து அது உன் வாயிலிருந்தே கசப்பாக வெளியே வரும்.

வசனத்தை இன்னொருவர்மேல் வாசிக்கக் கூடாது என்கிற இதே காரணத்தினால்தான் உங்கள் சபையில் அந்த இளம்பெண்ணுக்கு மூப்பர்கள் சொன்ன புத்தி எனக்குத் தாங்கவில்லை. அடிக்கிற புருஷனிடம் திரும்பிப் போ, "அன்பு சகலத்தையும் தாங்கும்" என்று வசனம் சொல்லி அனுப்பினார்களாமே! சமாதானமில்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்லி, ஜனத்தின் காயங்களை மேற்பூச்சாய்க் குணமாக்குகிறவர்களை எரேமியா கண்டிக்கிறான். அதுதான் இது. தன்னைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைத் தாவீது கொல்லாமல் விட்டான். சவுல் தன் பாவத்தை ஒத்துக்கொண்டு, "என் குமாரனாகிய தாவீதே, திரும்பி வா" என்று கூப்பிட்டான். தாவீது என்ன செய்தான்? தான் எடுத்து வந்திருந்த ராஜாவின் ஈட்டியை ஒரு வாலிபன் வந்து வாங்கிக்கொண்டு போகட்டும் என்றான். ஈட்டி திரும்பிப் போயிற்று, தாவீது போகவில்லை. அவன் கையில் பழியும் இல்லை, அந்த ஈட்டி எட்டும் தூரத்தில் அவன் நிற்கவும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு முதலில் பாதுகாப்பான இடம் வேண்டும், போலீஸிடம் போக வேண்டுமானால் கூடப் போக ஒருவர் வேண்டும். நீ போ. மூப்பர்கள் புத்தி சொல்வதெல்லாம் அந்தப் புருஷனுக்குச் சொல்லட்டும்.

இனி திருவிருந்து விஷயம். பெண்கள் ஐக்கியத்துச் சகோதரியிடம் இரண்டு முறை போய் மன்னிப்புக் கேட்டும் அவர் முகம் கொடுக்கவில்லை, அதனால் அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து நேரத்தில் எழுந்து வெளியே வந்துவிடுகிறேன் என்று எழுதியிருந்தாய். உன் பயபக்தியை மதிக்கிறேன். ஆனால் இதில் உன்னை நீயே தண்டித்துக்கொள்கிறாய். 1662-ம் வருஷத்து ஆங்கிலிக்கன் ஜெபப்புத்தகத்தில் இதற்கென்றே ஒரு விதி உண்டு. பகைத்திருக்கிற இருவரும் ஒப்புரவாகும்வரை பந்திக்கு வரக் கூடாது. ஆனால் அவர்களில் ஒருவர் மனதார மன்னித்து, தன் தவறைச் சரிசெய்யவும் தயாராக இருந்து, மற்றவர் பிடிவாதமாக இருந்தால், மனந்திரும்பியவரை குரு ஏற்றுக்கொள்ள வேண்டும். "கூடுமானால் உங்களாலானமட்டும் எல்லா மனுஷரோடும் சமாதானமாயிருங்கள்" என்று பவுல் எழுதியதும் இதைத்தானே? உன்னாலானதை நீ செய்துவிட்டாய். அவர் மனக்கதவு உன் கையில் இல்லை. வருகிற முறை எழுந்து போகாதே, உட்கார். அவருக்காக ஜெபித்துவிட்டு வாங்கு.

மூன்றாம் நூற்றாண்டில் சிரியாவில் எழுதப்பட்ட டிடஸ்காலியா என்ற சபை ஒழுங்கு நூலில் ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. விசுவாசிகளின் வழக்குகளைக் கண்காணிகள், அதாவது பிஷப்மார்கள், திங்கட்கிழமையில் விசாரிக்க வேண்டுமாம். தீர்ப்பில் யாருக்காவது மனத்தாங்கல் வந்தால், அதைப் பேசித் தீர்த்து, ஞாயிற்றுக்கிழமைக்குள் இருவரையும் சமாதானப்படுத்த அவகாசம் இருக்கும் அல்லவா? நாம் ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு, பசியோடும் அவசரத்தோடும் கமிட்டி போட்டு அடித்துக்கொள்கிறோம். உங்கள் போதகரிடம் இதைச் சொல்லிப் பார்.

தம்பிகளில் முதலில் பெரியவனிடம் போ. சின்னவனை நீ தூக்கி வளர்த்தாய், நீ அவன் பக்கம் என்றுதான் பெரியவன் ஏற்கெனவே நினைத்திருப்பான். அவன் மனைவியும் வீட்டில் இருக்கிற நேரமாகப் பார்த்துப் போ. அவளை விட்டுவிட்டுப் பேசினால் நீ கிளம்பியதும் எல்லாம் மாறிவிடும். "அம்மா இருந்திருந்தால்" என்று மட்டும் ஆரம்பிக்காதே, அது இரண்டு பேரையும் குத்தும். அவன் கத்தினால் கத்தட்டும். மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும் என்பது நீ சின்ன வயதில் ஞாயிறு பள்ளியில் எனக்கு முன்னால் ஒப்பித்த வசனம். முதல் நாளே இருவரையும் கைகுலுக்க வைக்க வேண்டும் என்று எண்ணாதே. பகைத்துப் பிரிந்த அண்ணன் தம்பியான ஏசாவும் யாக்கோபும் கட்டிப்பிடித்து அழுத பிறகும் ஒரே இடத்தில் குடியிருக்கவில்லை. ஏசா சேயீருக்குத் திரும்பினான், யாக்கோபு சுக்கோத்துக்குப் போனான். ஆனாலும் அப்பா ஈசாக்கை அடக்கம்பண்ண இருவரும் சேர்ந்து வந்தார்கள். உன் தம்பிகள் தனித்தனி வீட்டில் இருக்கட்டும், ஒருவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு மற்றவன் வந்து நின்றால் அதுவே இப்போதைக்குப் பெரிய காரியம்.

எந்த நாளில் போகிறாய் என்று முடிவானதும் எனக்கு ஒரு வரி எழுது, அந்த நேரம் நானும் அவரும் உனக்காக ஜெபிப்போம். அந்த இளம்பெண்ணுக்கு எங்கள் வீட்டில் ஓர் அறை சும்மாத்தான் இருக்கிறது, தேவைப்பட்டால் தயங்காமல் அழைத்து வா.

உன் அன்புத் தோழி