நாங்கள் கடலில் இருந்தபோது எங்கள் வீட்டைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு

தங்கச்சிமடத்தில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், எங்களோடு கப்பலில் வந்த இரண்டு நண்பர் குடும்பங்களுக்கும், பெயர் கேட்டு வைத்துக்கொள்ளாமல் விட்டுவிட்ட சிலருக்கும் வணக்கம்.

நேரில் சொல்லிப் பார்த்தேன். "இதுக்குப் போயி நன்றியா?" என்று எல்லோரும் பேச்சை மாற்றிவிட்டீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். யார் பெயரையும் போடவில்லை, போடக்கூடாது என்று எதிர்வீட்டு மதினி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். படிக்கும்போது அவரவருக்குத் தெரியும்.

கப்பல் பயணம் பிப்ரவரியிலேயே முடிவானது. பாலிடெக்னிக்கில் ஒன்றாகப் படித்த நாங்கள் மூன்று பேர், பிள்ளைகள் வளர்வதற்குள் ஒரு முறையாவது குடும்பத்தோடு சேர்ந்து எங்கேயாவது போக வேண்டும் என்று பல வருஷமாகப் பேசிக்கொண்டே இருந்தோம். சென்னை நண்பன்தான் துறைமுகத்திலிருந்து கிளம்பி, நடுக்கடலுக்குப் போய்த் திரும்பும் கப்பலில் இரண்டு ராத்திரிக்கு எல்லோருக்கும் சேர்த்து இடம் போட்டான். மூன்று வீட்டிலும் சேர்த்து 13 பேர். என் அப்பாவும் அம்மாவும் அதில் உண்டு.

வீட்டு வேலையும் அதே கோடையில்தான் வைத்திருந்தோம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகெல்லாம் கரையில் நிற்கும். படகுக்குப் பெயின்ட் அடிக்கும்போதே வீட்டுக்கும் வெள்ளை அடித்துவிடுவது நம் ஊர் வழக்கம். ஆள் கிடைக்கும், மழை பயம் இல்லை. சமையலறையில் இரண்டு இடத்தில் உதிர்ந்திருந்த பூச்சைச் சரி செய்து, பட்டி பார்த்து, வெள்ளை அடிப்பது என்றுதான் கணக்கு.

முதல் நன்றி மேஸ்திரி அண்ணனுக்கு. அவர் வந்து சுத்தியலால் சமையலறைக் கூரைத் தளத்தை அடியிலிருந்து தட்டிப் பார்த்தார். சத்தம் பொத்தென்று வந்தது. இன்னொரு தட்டுத் தட்டியதும் ஒரு முறம் அளவுக்குக் கான்கிரீட் பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த கம்பி செதில் செதிலாகத் துரு. உப்புக் காற்றும், அந்தக் காலத்தில் கலவைக்கு ஊற்றிய உவர்த் தண்ணியும் சேர்ந்து கம்பியை அரித்திருக்கிறது என்று காட்டினார். துருப் பிடித்த கம்பி பருத்துக்கொண்டே போகும், பருத்தால் சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளிவிடும். மேலே பூசி மறைத்துக் கூலியை வாங்கிக்கொண்டு அவர் போயிருக்கலாம், எங்களுக்குத் தெரிந்திருக்காது. "தம்பி, இதுக்குக் கீழ பிள்ளைகளை உக்கார வைக்காதீங்க. இடிச்சுட்டுப் புதுசா போட்டாத்தான் சரி" என்றார். என் மகள் தினமும் அந்த இடத்தில்தான் உட்கார்ந்து சாப்பிடுவாள். அண்ணே, அந்த வார்த்தைக்கு என்ன கைம்மாறு செய்வதென்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

இடித்து, தளத்தைத் தாங்கும் பலகை அடைப்பான சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடிக்க நாள் ஓடிவிட்டது. தளம் போட்டது ஒரு வியாழக்கிழமை. எங்களுக்கு ரயில் வெள்ளிக்கிழமை இரவு.

கட்டட வேலை தெரிந்தவர்களுக்கு இதில் என்ன சிக்கல் என்று உடனே புரியும். புதுத் தளத்தைக் காய விடக்கூடாது. குறைந்தது 7 நாள், நம் பக்கத்து வெயிலுக்கும் காற்றுக்கும் அதைவிடக் கூடுதலாகவே, பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்த வேண்டும். ஈரம் இருக்கும்வரைதான் சிமென்ட் இறுகிப் பலம் பிடிக்கும். முதல் சில நாள் காய்ந்துவிட்டால் வெடிப்பு விழும், வெடிப்பு வழியே மறுபடி உப்பு இறங்கும், பத்து வருஷத்தில் பழைய கதைதான். எங்கள் வீட்டுக் கிணறோ உவர்ப்பு. குழாயில் காவிரித் தண்ணீர் எல்லா நாளும் வராது. வந்தாலும் குடிக்கப் பிடித்து வைப்பதற்கே சரியாக இருக்கும்.

பயணத்தை நிறுத்திவிடலாம் என்று அம்மா சொன்னார். நானும் கிட்டத்தட்ட அதே முடிவுக்கு வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை காலை பாத்தி கட்டிக்கொண்டிருந்தபோது மதினி வந்து, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "அத்தை, பொட்டியக் கட்டுங்க. தண்ணி நான் பாத்துக்கிறேன்" என்றார். அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தார். மதினி காதில் வாங்கவில்லை.

தண்ணீர் கொடுத்தது மல்லிகை நாற்று மாமா. தங்கச்சிமடத்து மல்லிகை நாற்று எங்கெங்கோ போகிறது. அந்த நாற்றுகள் பிழைப்பது இந்த மணலில் ஊறும் நல்ல தண்ணீரால்தான். கோடையில் அந்த ஊற்றும் சுருங்கிவிடும், நாற்றுக்கே குடம் குடமாக அளந்துதான் ஊற்றுவார்கள். அப்படிப்பட்ட நாளில் மாமா 200 லிட்டர் டிரம் இரண்டை நிரப்பித் தள்ளுவண்டியில் அனுப்பினார். பாத்தி நிரம்பியது. அதற்குப் பிறகு காலையில் 5 குடம், மாலையில் 5 குடம் என்று சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் கொடுத்தார். ஒரு பாத்தி நாற்றுக்கு ஒரு வேளைத் தண்ணீரைக் குறைத்துத்தான் எங்களுக்குக் கொடுத்தார் என்பதை அவர் வீட்டு அத்தை சொல்லித்தான் பிறகு தெரிந்துகொண்டேன்.

மதினி கடல்பாசி எடுக்கப் போகிறவர். விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறையிலிருந்து பாசி பறிக்கும் கை அது. வெட்டும் தழும்பும் இல்லாத விரல் ஒன்றுகூட இல்லை. அந்தக் கையால் குடத்தைத் தூக்கிக்கொண்டு, கைப்பிடி இல்லாத எங்கள் மாடிப்படியில் ஒவ்வொரு குடமாக ஏறியிருக்கிறார். முப்பது குடம். ஒவ்வொரு வேளையும் ஊற்றி முடித்ததும் போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கிறார். நடுக்கடலில் போன் வேலை செய்யவில்லை. திங்கட்கிழமை காலை கப்பல் சென்னையை நெருங்கும்போதுதான் எல்லாம் மொத்தமாக வந்து விழுந்தன. எல்லாப் படத்திலும் தளத்தில் நிற்கும் தண்ணீர், தண்ணீருக்குள் வானம். ஒன்றில் மட்டும் ஓரமாக ஒரு காக்கை குளித்துக்கொண்டிருந்தது. அந்தப் படங்களை நான் அழிக்கப் போவதில்லை.

ஞாயிறு ராத்திரி கோடை மழை அடித்திருக்கிறது. காற்றோடு வந்த மழை. தளத்துக்கு நல்லதுதான், ஆனால் திண்ணையில் 14 மூட்டை சிமென்ட் மூடாமல் இருந்தது. தெரு முனையில் கேரம் ஆடிக்கொண்டிருந்த விசைப்படகுத் தம்பிமார் நாலைந்து பேர் ஓடிவந்து மூட்டைகளை உள்ளே இழுத்துப் போட்டு, படகுத் தார்ப்பாய் கொண்டுவந்து திண்ணையை அடைத்துக் கட்டியிருக்கிறார்கள். தடைக்காலத்தில் அவர்களுக்கு வருமானமே கிடையாது. டீ வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் நீட்டிய பணத்தையும் வாங்கவில்லை. தம்பிகளா, அந்த முடிச்சை அவிழ்க்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. அப்பா வந்து ஒரே இழுப்பில் அவிழ்த்தார், முடிச்சு போட்டவனைப் பாராட்டவும் செய்தார்.

ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. இத்தனை பேரையும் பெட்டிகளையும் இரண்டு நடையாக ராமேஸ்வரம் ஸ்டேஷனில் விட்டுவிட்டு ஒரு நடைக்குத்தான் காசு வாங்கினார். பழைய பாம்பன் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் நின்ற பிறகு, 2025 ஏப்ரல் 6-ல் புதுப் பாலம் திறக்கும்வரை, ரயில் ஏறவே நாம் தீவைவிட்டுச் சாலைப் பாலம் கடந்து போக வேண்டியிருந்ததை நினைத்துக்கொண்டேன். முட்டிவலிக்கார அம்மாவை வைத்துக்கொண்டு அப்போது இந்தப் பயணத்தை யோசித்தே பார்த்திருக்க மாட்டோம்.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மடல் எழுதுவதே அதற்காகத்தான்.

என் அம்மா கடலைப் பார்த்தபடியே 66 வருஷம் வாழ்ந்தவர். நண்டு வலையில் நண்டு கழற்றியிருக்கிறார், கருவாடு காய வைத்து விற்றிருக்கிறார், அப்பா கரை திரும்பாத ராத்திரிகளில் விளக்கை அணைக்காமல் உட்கார்ந்திருந்திருக்கிறார். ஆனால் ஒரு நாளும் கடல்மேல் போனதில்லை. மதினி மாதிரிப் பெண்கள் பாசிக்காகத் தீவுகள்வரை போகிற கரைதான் இது, ஆனாலும் எங்கள் வீட்டில் அந்த வழக்கம் இல்லை. வாந்தி வருமோ, விழுந்துவிடுவோமோ என்று கிளம்பும்வரை அம்மாவுக்குப் பயம். மதினிதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்: "தண்ணியக் குனிஞ்சு பாக்காதீங்க அத்தை. வானமும் கடலும் தொடுற இடத்தைப் பாத்துக்கிட்டே இருங்க, தல சுத்தாது." சென்னை நண்பனும் யோசித்து, ஆட்டம் குறைவாக இருக்கும் கப்பலின் நடுப்பகுதியில் அம்மா அப்பாவுக்கு அறை கேட்டு வாங்கியிருந்தான். அவன் மனைவி, எங்கள் சிஸ்டர், தன் பிள்ளைகளைக் கணவனிடம் விட்டுவிட்டு முதல் நாள் முழுக்க அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார்.

கப்பல் கிளம்புவதற்கு முன் ஆபத்துக்காலப் பயிற்சி நடந்தது. அம்மாவுக்கு லைஃப் ஜாக்கெட்டின் வார் எது எங்கே போகும் என்று தெரியவில்லை. அப்பா எழுந்து வந்து கட்டிவிட்டார். 45 வருஷம் வல்லம் என்கிற நாட்டுப் படகில் போன அப்பா ஒரு நாள்கூட அப்படி ஒன்றைப் போட்டதில்லை. ஆனால் அம்மாவுக்கு ஒவ்வொரு வாரையும் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

அப்பாவுக்கு அந்தக் கடல் வேறு மாதிரி இருந்தது. நம் வடகடல், அதாவது பாக் நீரிணை, ஆழம் குறைந்தது, ஆறேழு பாகம் (ஒரு பாகம் ஆறடி) கயிறு விட்டால் பல இடத்தில் தரை தட்டும். பெரிய கப்பல்கள் நம் பக்கம் வராமல் இலங்கையைச் சுற்றிப் போவதும் அதனால்தான். வங்கக் கடலில் ஆழம் சராசரியாகவே 2,600 மீட்டர் என்று தூத்துக்குடி நண்பனின் மகள் சொன்னாள். அப்பா விரல்விட்டுப் பாகக் கணக்குப் போட்டார். ஆயிரத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அந்தப் பெண் கல்லூரி முதல் வருஷம்தான் படிக்கிறாள். மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமும் நடந்த நேரத்தில் அங்கே போகாமல் தாத்தாவோடு நின்று காற்றின் பெயரெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். கச்சான், வாடை, கொண்டல், சோளகம். பாப்பா, நான் அப்பாவிடம் இவ்வளவு பொறுமையாக எதையும் கேட்டதில்லை. நன்றிம்மா.

சாப்பாட்டுக் கூடத்தில் பரிமாறிய தம்பி ஒருவர் நாகர்கோவில்காரர். அம்மா தட்டை வைத்துக்கொண்டு தயங்கி நின்றதைப் பார்த்துவிட்டு உள்ளே போய் வெறும் சோறும் தயிரும் ஊறுகாயும் கொண்டுவந்தார். மறுநாள் கேட்காமலே கொண்டுவந்தார். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. யாராவது அவரிடம் இதைக் காட்டினால் நல்லது.

இரண்டாம் நாள் ராத்திரி, மூன்று மணி இருக்கும். அப்பாவுக்கு அந்த நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும், கடலுக்குப் போன காலத்துப் பழக்கம். அறையில் இருவரையும் காணோம் என்று தேடிப் போனேன். மேல்தளத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சுற்றிலும் ஒரு விளக்குக்கூட இல்லாத இருட்டு. அம்மா கேட்டது எனக்குக் காதில் விழுந்தது.

"நீங்க போன ராத்திரியெல்லாம் இப்படித்தான் இருட்டா இருந்துச்சா?"

"இதவிட இருட்டு. நம்ம வல்லத்துல ஏது இந்த வெளிச்சம்" என்றார் அப்பா.

அம்மா ஒன்றும் பேசவில்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். நான் சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டேன்.

அந்த நேரத்தில் தங்கச்சிமடத்தில் எங்கள் திண்ணையில் தார்ப்பாய் கட்டி முடித்திருப்பீர்கள். விடிந்ததும் மதினி முதல் குடத்தைத் தூக்கியிருப்பார். இங்கே நீங்கள் நின்றதால்தான் அங்கே அவர்கள் இருவரும் அப்படி நிற்க முடிந்தது.

தளத்தில் ஒரு வெடிப்புக்கூட இல்லை. மேஸ்திரி அண்ணன் மேலே ஏறிப் பார்த்து, சென்ட்ரிங் பிரிக்க நாள் சொல்லிவிட்டார். சமையலறை முடிந்து முதல் அடுப்பு மூட்டும் நாளில் எல்லோரும் வர வேண்டும். தடைக்காலம் முடிந்த முதல் ஞாயிறு வைத்திருக்கிறோம். மீன் அப்பா வாங்குவார், குழம்பு அம்மா வைப்பார். மதினி, அன்றைக்கு நீங்கள் ஒரு குடம்கூடத் தூக்கக் கூடாது. மாமா, உங்கள் டிரம் இரண்டையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன். நாளைக் காலையில் நாற்றுக்குத் தண்ணீர் விடும் நேரத்துக்குக் கொண்டுவருகிறேன், அன்று முழுக்கத் தண்ணீர் இறைப்பது நான்தான்.

அன்புடன்,
மதினி வீட்டுக்கு எதிர்வீட்டுப் பிள்ளை,
தங்கச்சிமடம்