கல்யாண மேடைக்கு ஒன்று, கடைசி நாளுக்கு ஒன்று

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் ஊர் நடுராத்திரியில் நீ அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இப்போதுதான் முழுசாகக் கேட்டேன். தோழி கல்யாண வரவேற்பில் பேச வேண்டும், அதே மாசம் ஆபீஸுக்கு ராஜினாமாவும் எழுத வேண்டும், இரண்டுக்கும் ஜப்பானிய மொழியில் எந்த இலக்கணத்தைப் போடுவது, "ஒரே வரியில சொல்லும்மா" என்கிறாய். ஒரு வரியில் சொல்லிவிடலாம் என்றால் இத்தனை வருஷம் இதைச் சொல்லிக்கொடுத்து நான் சம்பளம் வாங்கியிருக்க முடியுமா? அதனால் கடிதம். ரயிலில் போகும்போது படி.

ஜப்பானிய மொழித் தேர்வின் என்-2 நிலைக்கான புத்தகத்தில் 'நி அதத்தே', 'நி சாய்ஷிதே', 'நி சாகிதத்தே' மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டு, மூன்றுக்கும் கிட்டத்தட்ட 'அந்தச் சமயத்தில்' என்று ஒரே பொருளை எழுதி வைத்திருப்பார்கள். பரீட்சைக்கு அது போதும். நாலு விடையில் ஒன்றைக் கறுப்பாக்கிவிட்டு எழுந்து வந்துவிடலாம். நீயும் அப்படித்தான் பாஸ் செய்தாய், குறை சொல்லவில்லை. ஆனால் மைக்கைப் பிடித்து நிற்கும்போது இந்த மூன்றும் நேரத்தைச் சொல்வதற்காக வருவதில்லை. 'எப்போது' என்பது எதிரே உட்கார்ந்திருக்கிற எல்லாருக்கும் தெரியும். எப்படிப்பட்ட பொழுதில் நாம் கூடியிருக்கிறோம், எந்த முகத்தோடு உட்கார வேண்டும் என்பதைத்தான் முதல் வாக்கியத்திலேயே அவை சொல்லிவிடுகின்றன.

முதலில் 'அதத்தே'. இது தயாராகிப் போய் நிற்கிற காரியத்துக்கு. கடை திறப்பு, படிப்பு முடிப்பு, வேலையில் சேருவது, புது வருஷத்தை வரவேற்பது எல்லாம் இதில் அடங்கும். நாள் குறித்து, மனசையும் கூட்டிப் பெருக்கி வைத்துக்கொண்டு எதிர்கொள்கிறோம் இல்லையா, அதற்கு. எழுத்தில் 'நி அதாரி' என்று சுருங்கும், மேடையில் 'நி அதாரிமாஷ்தே' என்று நீளும். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலைத் திறப்பு விழாவுக்கு மொழிபெயர்க்கப் போனது உனக்கு ஞாபகம் இருக்கும், அன்றைக்கு உன்னைப் பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். ஜப்பானிலிருந்து வந்த பெரியவர் தாளை விரித்து "கைகியோ நி அதாரிமாஷ்தே" என்று ஆரம்பித்தார். அந்த ஒரு சொல் விழுந்ததும் முன்வரிசையில் இருந்த ஜப்பான்காரர்கள் அத்தனை பேரும் முதுகை நிமிர்த்திக்கொண்டார்கள். பக்கத்தில் நின்ற நான் அதைத் தமிழில் "தொழிற்சாலை திறக்கும் இந்த நல்ல வேளையில்" என்றேன். 'நல்ல' என்ற சொல் அவர் தாளில் இல்லை. ஆனால் 'அதாரி'க்குள் அது இருக்கிறது. அதை விட்டிருந்தால் நம் ஆட்களுக்கு வெறும் தேதி சொன்ன மாதிரி ஆகியிருக்கும்.

அதனாலேயே துக்கத்துக்கு அது வராது. சாவு, விபத்து, ஆஸ்பத்திரி எதற்கும் 'அதாரி' போட்டுவிடாதே. ஏதோ அதற்காகக் காத்திருந்து தயாரான மாதிரி கேட்கும். அங்கே 'நி சாய்ஷிதே' வர வேண்டும். அப்பா அம்மா காரியத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி எழுதும் அட்டையில் "சோகி நி சாய்ஷிமாஷ்தே வா", இறுதிச் சடங்கின்போது, என்றுதான் அச்சடிப்பார்கள். நிலநடுக்கத்தின்போது செய்ய வேண்டியவை என்று நகராட்சி ஒட்டும் தாளிலும் இதுதான் வரும். 'சாய்' எதன் பக்கமும் சாயாது. நல்லதுக்கும் பொருந்தும், கெட்டதுக்கும் பொருந்தும், "இந்தச் சேவையைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியவை" என்று வங்கிக்காரன் போடும் உப்புசப்பில்லாத வரிக்கும் பொருந்தும். கல்யாணத்தில் 'சாய்ஷிதே' சொன்னால் தப்பா என்று கேட்டாய். தப்பில்லை. கொஞ்சம் பத்திரம் வாசிக்கிற வாடை அடிக்கும், அவ்வளவுதான். தோழிக்குப் பேசுகிறவள் பத்திரம் வாசிக்க வேண்டாமே.

'சாகிதத்தே' உனக்கு இப்போதைக்குத் தேவைப்படாது. போட்டிக்கு முன்னால் தேசிய கீதம், படம் வெளிவரும் முன்னால் சிறப்புக் காட்சி என்று பெரிய காரியத்துக்கு முன்னோட்டமாக நடப்பதற்கு அது. 'குளிப்பதற்கு முன்னால் துண்டு எடுத்து வைத்தேன்' என்பதற்கு யாரும் 'சாகிதத்தே' போட மாட்டார்கள்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று நீ முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. ஒன்று சொல்கிறேன். 1964 அக்டோபர் 10-ம் தேதி டோக்கியோ ஒலிம்பிக்கைத் திறந்துவைத்தபோது ஹிரோஹிதோ சக்கரவர்த்தி, பதினெட்டாவது ஒலிம்பியாடைக் கொண்டாடி இந்தப் போட்டிகள் தொடங்குவதாக அறிவித்தார். 'இவாய்' என்ற சொல், கொண்டாடி என்று பொருள். 2021 ஜூலை 23-ம் தேதி அதே ஊரில் அவருடைய பேரன் நருஹிதோ சக்கரவர்த்தி எழுந்து நின்றார். கொரோனாவால் ஒரு வருஷம் தள்ளிப்போன போட்டி, பார்வையாளர் இல்லாத மைதானம், வெளியே ஊர் முழுக்க நோய். திறப்பு அறிவிப்பு கிட்டத்தட்ட அதே வாக்கியம்தான், ஆனால் 'இவாய்' இல்லை. அந்த இடத்தில் 'கினென் சுரு', நினைவுகூரும் என்ற சொல் வந்தது. மேடையில் இருந்தவர் வேறு ஒன்றும் விளக்கவில்லை. மறுநாள் ஜப்பானில் அதைக் கவனித்துப் பேசாத ஆள் குறைவு. விசேஷ மொழி என்று அவர்கள் சொல்வது இதைத்தான். வாக்கியம் முன்னோர் வைத்தபடியே இருக்கும், ஒரே ஒரு சொல்லை மாற்றினால் மொத்தப் பொழுதும் மாறிப்போகும்.

சரி, கல்யாணத்துக்கு வருவோம். நீ அனுப்பிய வரைவைப் பார்த்தேன். ஆரம்பத்தில் 'அறிமுகத்துக்கு நன்றி, மணப்பெண்ணின் தோழி' என்பதெல்லாம் ஒழுங்காக இருக்கிறது. அதற்கு அடுத்து "ஓஃபுதாரி நொ கதோதே நி அதாரி" என்று ஒரு வரி போட்டு, வாழ்த்து சொல்லிவிடு. இருவரும் வாசல் தாண்டிப் புறப்படும் வேளையில் என்று அர்த்தம். அந்த ஒரு 'அதாரி' போதும். அதற்கப்புறம் உன் வாயில் வருகிற சாதாரண மரியாதை ஜப்பானியத்தில் அவளைப் பற்றிப் பேசு. சில பேர் அகராதியைக் கரைத்துக் குடித்துவிட்டு வாக்கியத்துக்கு வாக்கியம் கனமான இலக்கணத்தைப் போட்டுப் பேசுவார்கள். கேட்கிறவர்களுக்குக் கம்பெனி ஆண்டறிக்கை வாசித்த மாதிரி இருக்கும். வெளிநாட்டுக்காரர்கள் இப்படிப் பேசினால் கைதட்டல் வரும், ஆனால் யாரும் கண் கலங்க மாட்டார்கள். மூன்று நிமிஷத்துக்குள் முடி.

வரைவில் இரண்டு இடத்தில் 'கசானேகசானே' (மீண்டும் மீண்டும்) போட்டிருக்கிறாய், ஒரு இடத்தில் 'தபிதபி' (அடிக்கடி). மூன்றையும் எடுத்துவிடு. இரட்டிக்கும் சொற்கள் கல்யாணத்தில் ஆகாது, கல்யாணம் இரட்டிக்கக் கூடாது என்பதால். துக்க வீட்டிலும் ஆகாது, துக்கம் இன்னொரு முறை வரக்கூடாது என்பதால். இப்படி விலக்க வேண்டிய சொற்களுக்கு 'இமிகொதோபா' என்று பெயர். வெட்டு, பிரி, முடி, திரும்பு, உடை எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. கேக் வெட்டுவதைக்கூட 'வெட்டு' என்று சொல்லாமல் 'ந்யூதோ', கத்தி நுழைப்பு என்பார்கள். விருந்து முடிவதை 'ஓஹிராகி', திறப்பு என்பார்கள். மரப் பீப்பாய் மூடியைச் சுத்தியலால் அடித்து உடைத்துச் சாகே ஊற்றுவார்களே, அதுவும் 'ககாமி பிராகி', கண்ணாடி திறப்புதான்! உன் பாட்டி விளக்கை அணை என்று ஒருநாளும் சொன்னதில்லை, மலையேற்று என்பாள். அவளை ஒரு வாரம் அங்கே கொண்டுவிட்டால் உன்னைவிடச் சீக்கிரம் இதைப் பிடித்துக்கொள்வாள். நீ எழுதியிருக்கும் "நாங்கள் ஒரே அறையில் இருந்து பிரிந்த பிறகும்" என்ற வரியை, "வேறு வேறு ஊரில் வேலை பார்க்க ஆரம்பித்த பிறகும்" என்று மாற்று. விஷயம் ஒன்றுதான்.

அழைப்பிதழை மறுபடி எடுத்துப் பார். அதில் கமாவும் இருக்காது, முற்றுப்புள்ளியும் இருக்காது. உறவு நடுவில் நிற்கக் கூடாது என்று அப்படி அடிப்பார்கள். பதில் அட்டையில் உன் பெயருக்கு முன்னால் அச்சாகியிருக்கும் 'ஓ', 'கோ' என்ற மரியாதை எழுத்துகளை இரட்டைக் கோட்டால் அடித்துவிட்டாயா? நமக்கு நாமே மரியாதை கொடுத்துக்கொள்ளக் கூடாது.

மொய்ப் பணம்: தோழி என்றால் முப்பதாயிரம் யென் வழக்கம். இருபதாயிரம் வைக்காதே, இரண்டாக வகுபடும். புது நோட்டாக இருக்க வேண்டும், ஆகவே வெள்ளிக்கிழமைக்குள் வங்கிக்குப் போய் மாற்றிக்கொள். உறையில் கட்டியிருக்கும் காகிதக் கயிறு அவிழ்க்க வராத முடிச்சாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கு. பூப்போல இருக்கும், இழுத்தால் அவிழும் முடிச்சு குழந்தை பிறந்ததற்கு, கல்யாணத்துக்கு அல்ல. கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும்.

அடுத்தது ராஜினாமா. இதில் உனக்குச் சிரமமே இல்லை, உன் சொந்தமாக ஒரு சொல்லும் எழுத வேண்டியதில்லை. 'இந்தத் தடவை, சொந்தக் காரணங்களால், வருகிற மார்ச் 31-ம் தேதியோடு விலக விரும்புகிறேன்' என்பதுதான் மொத்தக் கடிதமும். 'சொந்தக் காரணங்களால்' என்பதற்கு "இஷ்ஷின்ஜோ நொ ட்சுகோ நி யோரி". 'தேதியோடு' என்பதற்கு "ஓ மொத்தே". இந்த 'மொத்தே' ஒரு காலத்துக்கு எல்லைக்கல் நடுவது. கடை மூடும்போது கதவில் ஒட்டுவது, விழா முடியும்போது "கொரே ஓ மொச்சிமாஷ்தே", இத்தோடு, என்று அறிவிப்பது எல்லாம் இதுதான். முதல் வரியில் 'நான்' என்று வரும் 'வதகுஷிகி'யை வரியின் அடியில், கீழே தள்ளி எழுது, பணிவுக்காக. தலைப்பு 'நெகாய்' என்று இருந்தால் கேட்டுக்கொள்கிறேன் என்று பொருள். 'தோதோகே' என்று இருந்தால் முடிவாகிவிட்டது, தெரிவிக்கிறேன் என்று பொருள். முதலில் மேலாளரிடம் வாயால் சொல், அப்புறம் 'நெகாய்' கொடு. நிரந்தர வேலைக்குச் சட்டப்படி இரண்டு வாரம் முன்னால் சொன்னால் போதும், சிவில் சட்டம் 627-வது பிரிவு. ஆனால் உங்கள் கம்பெனி விதியில் ஒரு மாசம் என்று இருக்கலாம், பார்த்துக்கொள்.

கடைசி நாள் மெயிலில் 'தாய்ஷோகு நி அதாரி', வேலையை விடும் வேளையில், என்று போடலாமா என்றாய். போடலாம், எல்லாரும் போடுகிறார்கள். நீயே முடிவு செய்து தயாராகிப் போகிற காரியம் அல்லவா. 'சாய்ஷி'யும் சரிதான். எனக்குப் பிடித்தது 'அதாரி', போகிறவள் நிமிர்ந்து போவதாகத் தெரியும். "இந்த ராஜினாமாவை வாய்ப்பாகக் கொண்டு" என்று 'ஓ கி நி' போட்டு நீ எழுதியிருப்பதை மட்டும் அடித்துவிடு. அதைப் போட்டால் அடுத்து என்ன புதிதாக ஆரம்பிக்கிறாய் என்று சொல்லியாக வேண்டும். உனக்கே இன்னும் தெரியாததை இருக்கிறவர்களிடம் எதற்குத் தொடங்கி வைக்கிறாய்?

கம்பெனிக்கு 'இஷ்ஷின்ஜோ நொ ட்சுகோ' போதும், யாரும் துருவ மாட்டார்கள், அதுதான் அந்தச் சொல்லின் சௌகரியம். என்னிடமும் அப்பாவிடமும் அதையே சொல்கிறாயே, அதுதான் சரியில்லை. போன மாசம் கேட்டபோது "சும்மாதாம்மா, ஒரு மாற்றத்துக்கு" என்றாய். ராத்திரி ஒரு மணிக்கு இலக்கணச் சந்தேகம் கேட்கிற பிள்ளை சும்மா வேலையை விடுவதாக எனக்குத் தோன்றவில்லை. வேலை நேரமா, மேலே இருப்பவரா, வேறு எதுவுமா என்று தமிழில், சாதாரணமாகச் சொல். திட்ட மாட்டேன். அப்பாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறேன், அவரும் திட்ட மாட்டார். விசா விஷயம் மட்டும் மறக்காதே. வேலை விட்ட பதினாலு நாளைக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

திருத்திய வரைவை அனுப்பு, கையால் எழுதி போட்டோ எடுத்து வேண்டாம், டைப் செய்து அனுப்பு, போட்டோவில் கையெழுத்து என் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை நம்ம நேரம் ஏழு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்போம்.

அம்மா