மருத்துவ ஆய்வு வலையமைப்பில் தமிழுக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அரசாங்க மருத்துவமனைகளில் உள்ள ஆய்வு மையங்களும், 2012இல் சுகாதார அமைச்சு தோற்றுவித்த கிளினிக்கல் ரிசர்ச் மலேசியா நிறுவனமும் புதிய மருந்துகளை நோயாளிகளிடம் சோதிக்கும் நாடு தழுவிய மருத்துவ ஆய்வு வலையமைப்புக்கு நல்ல அடித்தளம் இட்டுள்ளன. ஹெப்படைட்டிஸ் சி நோய்க்கான ரவிடாஸ்விர் மருந்து மலேசிய, தாய்லாந்து நோயாளிகளிடம் சோதிக்கப்பட்டு, 2021இல் இங்குப் பதிவு பெற்றதே இதற்குச் சான்று.

ஆயினும், இவ்வலையமைப்பு பெரிய மருத்துவமனைகளோடு நின்றுவிடக் கூடாது. 2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி இனிப்புநீர் நோய் இந்தியர்களிடையேதான் மிக அதிகம்; அவர்களில் பலர் மாதாந்திர மருந்துக்குச் செல்வது பட்டர்வொர்த், நிபோங் திபால் போன்ற ஊர்களின் சுகாதார கிளினிக்குகளுக்கே.

ஆய்வில் சேர ஒப்புதல் கேட்கும் பல பக்கப் படிவத்தை மூதாட்டி ஒருவரிடம் நீட்டி, உடன் வந்த மகனிடம் "அம்மாவைக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்" என்பது ஒப்புதல் ஆகாது. பக்கவிளைவுகள் யாவை, இடையில் விலகினால் வழக்கமான சிகிச்சை தொடருமா (பலரும் தயங்குவது இதற்குத்தான்) என்பதையெல்லாம் அவர் தமிழில் கேட்டுத் தெளிய வேண்டும். ஓர் ஆய்வுக்கு ஒருமுறை தயாரிக்கப்படும் தமிழ்ப் படிவத்தை எல்லா மையங்களும் பயன்படுத்தவும், தமிழ் பேசும் ஆய்வுத் தாதியர் நியமிக்கப்படவும் சுகாதார அமைச்சு ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், பட்டர்வொர்த், பினாங்கு