பாப்பாவின் காப்பாளர் விஷயமாக

தம்பி,

வக்கீல் அமைந்துவிட்டார். போனில் சொல்லலாம் என்றால், பாப்பா பேச்சை எடுத்ததுமே "அப்புறம் கூப்பிடுறேன்மா" என்கிறாய். அதனால் எழுதுகிறேன். வேலை ஒழிந்ததும் நிதானமாகப் படி.

18 வயது முடிந்தால் சட்டப்படி அவள் மேஜர். பெற்றவள் என்பதற்காக நான் அவளுக்காகக் கையெழுத்துப் போட்டுவிட முடியாதாம். அவள் பெயரில் கணக்கு தொடங்க வங்கிக்குப் போனபோது, அவளுக்காகக் கையெழுத்துப் போடச் சட்டப்படி நியமிக்கப்பட்டவர் யார் என்று காட்டும் காப்பாளர் சான்றிதழைக் கேட்டார்கள். பாப்பா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்டாம்ப் பேடையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பெரியப்பா சொன்ன வக்கீல் எடுத்த எடுப்பிலேயே கோர்ட்டில் மனு போடலாம் என்றார். பாப்பாவுக்கு என்ன குறைபாடு என்றுகூடக் கேட்கவில்லை. எனக்கு மனசு ஒப்பவில்லை. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். மாற்றுத்திறனாளிகளுக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100க்கு போன் செய்தாலும் வழி சொல்வார்கள். அங்கே கிடைத்த வக்கீலம்மா முதலில் பாப்பாவின் மருத்துவச் சான்றிதழைத்தான் வாங்கிப் பார்த்தார். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பன்முகக் குறைபாடு உள்ளவர்களுக்கு 1999ஆம் வருஷத்து தேசிய அறக்கட்டளைச் சட்டம் இருக்கிறது, காப்பாளரை நியமிக்கக் கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுவிடமே விண்ணப்பிக்கலாம் என்றார். மனநோய், கோமா என்றால் வழி வேறாம். உள்ளூர் வக்கீல் வேண்டும் என்று நான் அடித்துக்கொண்டது இதற்குத்தான். எந்த அலுவலகத்தில் என்ன காகிதம் கேட்பார்கள் என்று அவருக்குத் தெரிகிறது.

நீயும் அவரிடம் ஒரு தடவை பேசு. வெற்றுத்தாளில் மட்டும் யார் கேட்டாலும் கையெழுத்துப் போடாதே.

வீட்டில் அவளுக்கும் பங்கு இருக்கிறது, தெரியுமே. காப்பாளர் ஆகிறவர் ஆறு மாதத்துக்குள் அவள் சொத்துப் பட்டியலைக் கொடுக்க வேண்டும், வருஷா வருஷம் கணக்குக் காட்ட வேண்டும். கவனிக்காமல் விட்டாலோ, சொத்தில் கை வைத்தாலோ குழு அவரை நீக்கிவிடலாம். யாரையும் மனதில் வைத்து இதைச் சொல்லவில்லை.

இப்போதைக்கு என் பெயரைப் போடுகிறோம். "உங்களுக்குப் பிறகு யாரும்மா?" என்று வக்கீலம்மா கேட்டார். தண்ணீர் குடிக்கிற சாக்கில் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன்.

பள்ளிக்கூட நாளில் அவள் செருப்பு வாரை நீதான் குனிந்து மாட்டிவிடுவாய், நான் தொட்டால் விடமாட்டாள். உன்னை மாதிரி ஒரு அண்ணன் யாருக்கு வாய்ப்பான் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்! இப்போது அவள் "அண்ணா" என்று வாயெடுப்பதற்குள் போனை வைத்துவிடுகிறாய். வேலை அழுத்தமா, வீட்டில் ஏதாவது பேச்சா, எனக்குத் தெரியவில்லை.

காப்பாளர் ஆகிறவர் சம்மதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். நான் உன் பெயரைச் சொல்லிவிட்டால் மட்டும் ஆகாது. உன் வீட்டுக்காரியிடமும் கலந்து பேசு. முடியாது என்றால் அதையும் வாய்விட்டுச் சொல்லிவிடு, நான் கோபப்பட மாட்டேன். எனக்குத் தெம்பு இருக்கும்போதே வேறு ஏற்பாடு செய்ய வேண்டும், அதற்காகத்தான் கேட்கிறேன்.

திரும்பச் சொல்கிறேன், வெற்றுத்தாளில் கையெழுத்து வேண்டாம். வக்கீலம்மா நம்பரை அப்பா உனக்கு அனுப்பியிருக்கிறார். இந்த வாரமே பேசிவிடு.

அம்மா