தான்சேனிலிருந்து அம்மா எழுதுவது

தான்சேன், பால்பா மாவட்டம், நேபாளம்
14 ஏப்ரல் 2025

அன்புள்ள மகனே, என் மக்களே,

அங்கே இன்று சித்திரை ஒன்று. இங்கேயும் இன்றுதான் வருடப்பிறப்பு. வைசாக் முதல் தேதி, 2082-ம் வருடம் பிறந்திருக்கிறது. வார்டில் கேஸ் ஷீட் எழுதும்போது இந்தக் கணக்கு எனக்கு இன்னும் தடுமாறும். கடிகாரமும் அப்படித்தான், இந்தியாவைவிடக் கால் மணி நேரம் முன்னால் ஓடும். "ஒன்பது மணிக்குக் கூப்பிடுறேம்மா" என்று நீ சொல்லும் நாட்களில் இங்கே ஒன்பது அடிக்கும்போதே போனைக் கையில் எடுத்துவிடுவேன். அந்தக் கால் மணி நேரம் எனக்குப் பெரிய நேரம்.

நேற்று குருத்தோலை ஞாயிறு. இந்த நாட்டில் சனிக்கிழமைதான் விடுமுறை, சபையும் அன்றைக்குத்தான் கூடும். நேற்று எனக்குக் காலை டியூட்டி. ஊரில் இந்நேரம் தென்னங்குருத்தைக் கிழித்துச் சிலுவை மடித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டே ஒரு அம்மாவுக்கு டிரிப் மாற்றினேன்.

இந்தக் கடிதத்தை ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். அப்போது போனில் நீ ஒன்று கேட்டாய். நம் சபையில் யாரோ உன்னிடம், "உங்க அம்மா அப்பா போய் இத்தனை வருஷமாச்சே, எத்தனை ஆத்துமா ஆதாயம்?" என்று கேட்டிருக்கிறார்கள். எத்தனை பேரைக் கிறிஸ்துவிடம் சேர்த்தோம் என்பதற்கு உனக்குப் பதில் தெரியவில்லை. அதை என்னிடம் சொல்லிவிட்டு, "பிரசங்கம் பண்ணக்கூடாதுன்னு சட்டம் இருக்கிற ஊர்ல நீங்க ரெண்டு பேரும் என்னதாம்மா பண்றீங்க? இதுக்கா என்னை விட்டுட்டுப் போனீங்க?" என்றாய். நான் ஏதோ பேச்சை மாற்றிவிட்டேன். நீயும் வைத்துவிட்டாய். மூன்று மாதமாக அது என் நெஞ்சில் கிடக்கிறது.

முதலில் சட்டத்தைச் சொல்கிறேன். நீ சொன்னது சரிதான். 2018 முதல் நடப்பில் இருக்கிற சட்டப்படி, ஒருவரை மதம் மாற்றினால் 5 ஆண்டு வரை சிறை. வெளிநாட்டவர் என்றால் தண்டனை முடிந்ததும் நாட்டை விட்டு அனுப்பிவிடுவார்கள். தெரிந்துதான் வந்தோம். ஊரில் நம்மை மிஷனரி குடும்பம் என்பார்கள், இங்கே அந்தப் பெயர் கிடையாது. அப்பா 'டாக்டர் சாப்'. நான் 'சிஸ்டர்', பக்கத்து வீட்டில் 'பஹினி', அதாவது தங்கச்சி. கட்டிலோரம் நின்று யாருக்கும் வேதம் சொல்வதில்லை. சொல்ல மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வந்து, மறைவாக அதைச் செய்வது கர்த்தருக்குப் பிரியமான காரியம் என்று எனக்குத் தோன்றவில்லை. இதில் எனக்கும் அப்பாவுக்கும் ஒரே மனசு.

அப்புறம் என்ன செய்கிறோம்? எண்ணிச் சொல்ல எனக்குத் தெரியாது. ஒரு பிள்ளையைப் பற்றிச் சொல்கிறேன்.

மலை கிராமங்களில் வீட்டு நடுவிலேயே தரையில் அடுப்பு இருக்கும். அகேனோ என்பார்கள். குளிர்காலத்தில் எல்லோரும் அதைச் சுற்றித்தான் உட்காருவார்கள், தூங்குவதும் அதன் பக்கத்தில்தான். நடை பழகும் குழந்தைகள் அதில் விழுந்துவிடும். தை, மாசி வந்தால் எங்கள் வார்டில் தீக்காயம் நிரம்புவது அதனால்தான். இந்தப் பிள்ளை விழுந்தது மூன்று வயதில். ஆஸ்பத்திரிக்கு ஒரு நாள் நடை என்பதால் வீட்டிலேயே பச்சிலை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். புண் ஆறிவிட்டது. ஆனால் ஆறும்போது தோல் சுருங்கி, வலது கையின் நான்கு விரலும் உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டன. போன நவம்பரில், நெல் அறுத்து முடித்த பிறகு, அவள் அம்மா கூட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு இப்போது ஏழு வயது. அந்தக் கையை எப்போதும் சால்வைக்குள்ளேயே வைத்திருப்பாள். அவள் அப்பா கத்தாரில் கட்டட வேலைக்குப் போய் இரண்டு வருடம். இந்த மலையில் பாதி வீடு அப்படித்தான், நம் ஊரில் கல்ஃபுக்குப் போன வீடுகள் மாதிரி.

அப்பா ஒட்டியிருந்த விரல்களைப் பிரித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைத்து, விரல் மறுபடி மடங்காமல் இருக்க மெல்லிய கம்பி போட்டார். ஆபரேஷன் மூன்று மணி நேரத்தில் முடிந்தது. கையைக் கையாக்கும் வேலை அதற்குப் பிறகுதான். கம்பி எடுத்ததும் தினமும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் கையை வைத்துக் கட்டுத் துணியை ஊறவிட வேண்டும். ஊறாமல் இழுத்தால் புதுத்தோல் சேர்ந்து வந்துவிடும். ஊறியதும் ஒவ்வொரு நூலாக, மூலையிலிருந்து மெதுவாக. பிறகு எண்ணெய் தடவி, ஒவ்வொரு கணுவையும் மடக்கி நீட்ட வேண்டும், பத்துப் பத்து தடவை. அவள் அழுவாள். நான் "ஏக், துயி, தீன்" என்று எண்ணுவேன். ஒரு நாள் எனக்கு அயர்ச்சியில் வாய் தவறி "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று வந்துவிட்டது. அழுகையை நிறுத்திவிட்டு என் வாயையே பார்த்தாள். மறுநாளிலிருந்து அவளே சொன்னாள், "ஒன்னு, ரெந்து, மூனு". தப்பாகச் சொன்னால் நான் நிறுத்திவிடுவேன் என்று தெரிந்து, வலி அதிகமான நாளில் வேண்டுமென்றே தப்பாகச் சொல்வாள்.

ஜனவரி கடைசியில் ஒரு மத்தியானம். அவள் அம்மா தால்-பாத் பிசைந்து ஊட்ட வந்தாள். இவள் தட்டைத் தன் பக்கம் இழுத்து, வலது கையால் ஒரு வாய் எடுத்தாள். பாதி மடியில் சிந்தியது. மீதி வாய்க்குப் போனது. அவள் அம்மா ஒன்றும் பேசவில்லை. போனை எடுத்துக் கத்தாருக்கு அடித்தாள். அந்த மனிதன் எங்கோ வெயிலில் ஹெல்மெட்டோடு நின்றபடி, தன் மகள் சோறு தின்பதை முழுத் தட்டும் பார்த்து முடித்தான்.

மக்களே, அந்தப் பிள்ளையின் கைதான் உனக்கு நான் சொல்லக்கூடிய கணக்கு. அதை எந்த ரிப்போர்ட்டிலும் எழுத முடியாது. அவர்கள் பூஜை செய்கிற வீடு, திரும்பிப் போனதும் அந்த வீட்டுக்குத்தான் போனார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

எல்லாம் இப்படி முடியவில்லை. ஆட்டுக்குத் தழை பறிக்க மரமேறி விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாமல் வரும் பெண்கள் உண்டு. மழைக்காலத்தில் பாம்புக்கடி. அப்பா செப்டம்பரில் ஒரு வாரம் சரியாகத் தூங்கவே இல்லை. ஒரு பையனை நாங்கள் இழந்தோம், உன் வயசு. அதைப் பற்றி அப்பா இன்னும் பேசுவதில்லை.

இனி, எழுதக் கஷ்டமான ஒன்று.

போன ஜூலையில் பாட்டி போனது. காலை ஐந்து மணிக்குச் சித்தப்பா சொன்னார். ஆறு மணிக்கு நான் பையோடு ஜீப்பில் உட்கார்ந்துவிட்டேன். புட்வலுக்கு இறங்கும் வழியில், சித்தபாபா கோயில் பக்கம், ராத்திரி பெய்த மழையில் பாறை சரிந்து ரோடே இல்லை. அந்த இடம் எப்போதும் அப்படித்தான், அதனால்தான் அங்கே சுரங்கப்பாதை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு பக்கமும் லாரிகள் வரிசையாக நின்றன. சாயங்காலம் வரை அந்த மழையில் நின்றேன். வழி திறந்திருந்தாலும் அடக்கத்துக்கு வந்து சேர்ந்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் நின்றேன்.

நீ வீடியோ கால் போட்டாய். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைத் தூக்க உன்னையும் கூப்பிட்டார்கள் போல, போனை அணைக்காமலேயே கீழே தொங்கவிட்டுவிட்டாய். பாதி நேரம் எனக்குத் தெரிந்தது உன் செருப்பும் செம்மண்ணும்தான். பாட்டுச் சத்தம் கேட்டது. உன் செருப்பின் வார் அறுந்து, ஊக்கு குத்தியிருந்தது. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினேழு வயதில், கவுன்சிலிங் தேதிக்குக் காத்திருக்கிற நேரத்தில், இரண்டு வருடமாக உனக்குச் சோறு போட்ட பாட்டியை நீ தனியாக அடக்கம் பண்ணினாய். புதுச் செருப்பு வாங்கித் தர ஆள் இல்லை.

சபையில் எங்களைப் பற்றிப் பேசும்போது "எல்லாவற்றையும் கொடுத்துவிட்டுப் போனார்கள்" என்பார்கள். அதைக் கேட்டால் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. நாங்கள் கொடுத்ததாகச் சொல்கிற காணிக்கையில் பாதி உன்னுடையது. உன்னைக் கேட்காமல் எடுத்தது. 2022-ல் உன்னைப் பதினொன்றாம் வகுப்புக்குப் பாட்டி வீட்டில் விட்டபோது, "பிள்ளைக்குப் படிப்பு கெடக்கூடாது" என்று மட்டும்தான் பேசினோம். உனக்கு என்ன வேண்டும் என்று உன்னை உட்காரவைத்து நானோ அப்பாவோ கேட்கவில்லை. மன்னித்துக்கொள், மக்களே. திரும்பி அந்த நாளுக்குப் போனாலும் இங்கே வந்திருப்போம் என்றுதான் நினைக்கிறேன், அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஆனால் உன்னிடம் கேட்டுவிட்டு வந்திருப்போம்.

அப்பா ஏன் இந்த மலைக்கே வர வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார் என்று முன்பு கேட்டாயே. அது நெய்யூரில் ஆரம்பித்தது. சாமர்வெல் டாக்டர் பேரை நீ சின்ன வயதிலேயே கேட்டிருப்பாய். அந்த இங்கிலாந்து சர்ஜன் முதலில் வந்தது எவரெஸ்ட் ஏற. 1922-ல் அந்தக் குழு திபெத் வழியாக ஏறியபோது பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் செத்துப்போனார்கள், எல்லாரும் மலைக்காரர்கள். அந்தச் சாவு அவரை உலுக்கிவிட்டது. ஊருக்குத் திரும்பும் முன் இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்தவர், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு சர்ஜனும் வாசல் நிறைய நோயாளிகளும் இருப்பதைப் பார்த்தார். லண்டனில் காத்திருந்த பெரிய வேலையை விட்டுவிட்டு நம் ஊருக்கே வந்துவிட்டார். 1924-ல் மறுபடி எவரெஸ்ட் போய், 8,500 மீட்டர் உயரம் வரை ஏறி, தொண்டை அடைத்துச் சாகப் பார்த்துத் திரும்பினார். அதற்குப் பிறகு இருபது வருடத்துக்கு மேல் தென் திருவிதாங்கூரில் வயிறுகளை ஆபரேஷன் பண்ணினார். மரச்சீனிக் கிழங்கும் மிளகாயும் தின்று வயிற்றுப்புண் வந்த ஜனங்கள் அன்றைக்கு அவ்வளவு பேர்.

அப்பா சொல்வது இதுதான்: மலைக்காரர்கள் செத்த துக்கத்தைச் சுமந்துகொண்டு வந்த மனிதர் நமக்கு வைத்தியம் பார்த்தார். நம்மில் ஒருவராவது மலைக்காரர்களுக்குப் பார்க்க வேண்டாமா? தான்சேன் கதையும் ஏறக்குறைய அதே மாதிரிதான். 1950-களின் தொடக்கத்தில் ராபர்ட் ஃபிளெமிங் என்ற அமெரிக்க ஆசிரியர் இங்கே பறவைகளை ஆராய வந்தார். அவர் மனைவி பெத்தெல் டாக்டர். பறவை பார்க்க வந்த இடத்தில் நோயாளிகள் கூடிவிட்டார்கள். 1954-ல் மிஷன் வேலை முறையாகத் தொடங்கியது அதன் தொடர்ச்சியாகத்தான்.

சரி, வீட்டு விஷயம். சாப்பாட்டுக்குக் குறைவில்லை, சாளை மீனுக்குத்தான் ஏக்கம். குளிர்காலத்தில் ஸ்ரீநகர் குன்றில் ஏறினால் கீழே மாடி என்கிற பள்ளத்தாக்கு முழுதும் மூடுபனி, வெள்ளை ஏரி மாதிரி அசையாமல் கிடக்கும். தசைன் பண்டிகைக்குப் பக்கத்து வீட்டு தீதி, அதாவது அக்கா, நெற்றியில் டீகா என்கிற பண்டிகைத் திலகம் வைக்கக் கூப்பிட்டாள். வைத்துக்கொள்ள முடியாது என்று நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தட்டை ஓரமாக வைத்துவிட்டு, வெறும் கையை என் தலையில் வைத்து ஆசீர்வாதம் சொன்னாள். பாட்டி போன பிறகு என் தலையில் கை வைத்தது அவள்தான்.

உன் தங்கச்சி பாப்பாவைப் பற்றிச் சொல்லாவிட்டால் அவள் என்னை விடமாட்டாள். நவம்பரில் திகார் பண்டிகை. கடைசி நாள் அக்கா தங்கச்சிகள் அண்ணன் தம்பிக்கு மாலை போடும் நாள். வாடாமல்லியில்தான் மாலை, வாடாத பூ என்பதற்காகவே அதைக் கட்டுகிறார்கள். தோவாளையில் மூட்டை மூட்டையாகக் கிடக்குமே, அதே பூ. இவள் பள்ளிக்கூடத் தோழிகளோடு உட்கார்ந்து ஒன்று கட்டிக்கொண்டு வந்து, "அண்ணன் எங்கே?" என்று கேட்டாள். கேட்டுவிட்டு அவளே அழுதாள். "பண்டிகைக்காக இல்லை, அண்ணனுக்காக" என்று சொல்லி, உன் போட்டோவில்கூட மாட்டவிடாமல், ஆணியில் தனியாகத் தொங்கவிட்டாள். ஐந்து மாதமாகிறது. நிறம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஒரு பூகூட உதிரவில்லை. தூசி தட்டுவதற்குக்கூட என்னைத் தொடவிடுவதில்லை.

செமஸ்டர் லீவில் வா. பணம் அனுப்புகிறேன். ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் உன் கோயம்புத்தூர் வழியாகத்தான் கோரக்பூருக்கு வருகிறது, இடையில் எங்கும் மாற வேண்டாம். இப்போதே டிக்கெட் பார், கோடையில் கிடைக்காது. ஆதார் போதாது, எல்லையில் காட்ட வோட்டர் ஐடியோ பாஸ்போர்ட்டோ கையில் இருக்கட்டும். கோரக்பூர் ஸ்டேஷனில் அப்பா நிற்பார். அங்கிருந்து எல்லையில் இருக்கிற சுனௌலி, பிறகு புட்வல். மழை பிடிக்கும் முன் வந்துவிட்டால் மலை ரோடு சரியாக இருக்கும்.

வரும்போது கருவேப்பிலையும், சித்தியிடம் கேட்டு நெத்திலிக் கருவாடும் கொண்டு வா. உன் செருப்பு அளவை மட்டும் எழுது. இங்கே கடையில் பார்த்து வைக்கிறேன்.

அன்புடன்,
அம்மா